இரண்டாவது பாம்புக்கு முன்னால் இரண்டாவது அறை

கேள்வி: வணக்கம் டாக்டர். கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு எங்களுடையது. எனக்கு வயது 26. பெருந்துறை சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. பதினாறு மாதமாக ஓர் ஆண் பால் பைத்தான் வளர்க்கிறேன். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது, மார்கழி, தை இரண்டு மாதம் மட்டும் எலியைத் தொடவில்லை. இப்போது இரண்டாவதாக ஒரு பாம்பு வாங்க ஆசை. கார்ன் ஸ்னேக் அல்லது கென்யன் சாண்ட் போவா என்று நினைத்திருந்தேன். அதற்குள் நண்பர் ஒருவர், மஞ்சள் நிற அல்பினோ பர்மீஸ் பைத்தான் குட்டி மலிவாக வருகிறது என்கிறார். இன்னொருவர், "ஒரு பெண் பால் பைத்தானை வாங்கி ஜோடி சேர்த்துவிடு, குட்டி விற்றே போட்ட காசை எடுத்துவிடலாம்" என்கிறார். எதை வாங்கலாம்? இரண்டையும் ஒரே பெட்டியில் விடலாமா? அது தனியாகக் கிடப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு பாம்பே அதிகம். அவரிடம் எப்படிச் சொல்வதென்றும் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

பதில்:

அன்புள்ள தம்பி,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார்ன் ஸ்னேக் வாங்குங்கள். ஆனால் இப்போது வேண்டாம். உங்கள் கடிதம் பங்குனிக் கடைசியில் வந்திருக்கிறது. சித்திரையும் வைகாசியும் கழியட்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கி, வீட்டுக்குள் வெக்கை தணிந்த பிறகு வாங்கலாம். ஆடியில் புதிதாக எதுவும் வாங்கக் கூடாதென்று அம்மா சொன்னால் ஆவணியில் வாங்குங்கள். பாம்பு எங்கேயும் போய்விடாது. அந்த நான்கைந்து மாதத்தில் செய்ய வேண்டிய வேலை உங்களுக்கு நிறைய இருக்கிறது.

முதலில் அந்த மஞ்சள் குட்டியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவோம். பர்மீஸ் பைத்தான் வெளிநாட்டுப் பாம்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பெயர்தான் அப்படி. நம் வடகிழக்கு மாநிலக் காடுகளில் அது இயற்கையாகவே வாழ்கிறது. அதனால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் அது நம் நாட்டு வன உயிரினம். தோல் மஞ்சளாகப் பிறந்தது என்பதால் சட்டம் மாறாது. மலிவாக வருவதற்கும் காரணம் அதுதான். வைத்திருப்பவர் கையைச் சுட்டுக்கொள்வதற்குள் அடுத்தவர் கைக்கு மாற்றிவிடப் பார்க்கிறார். சட்டத்தை விடுங்கள். இன்று முழங்கை நீளம் இருக்கும் அந்தக் குட்டி, நன்றாகத் தீனி போட்டால் மூன்று நான்கு வருடத்தில் பத்தடியைத் தாண்டும். அதற்குமேல் அதைத் தனி ஆளாகக் கையாளக் கூடாது. அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் இதே பாம்பு பெருகிக் காட்டு உயிர்களைத் தின்று தீர்த்ததால், 2012இல் அந்த நாடு இதன் இறக்குமதியையே தடை செய்தது. உங்கள் ஊரில் அப்படி ஒன்று தப்பிப் போனால் தடப்பள்ளி வாய்க்காலோரம் யார் வீட்டு ஆட்டுக்குட்டிக்கு ஆபத்தோ! நண்பரிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். போய்ப் பார்க்கக்கூடப் போகாதீர்கள். பார்த்தால் பிடித்துப்போகும்.

கென்யன் சாண்ட் போவாவைப் பற்றிச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடம். வளர்க்க எளிதான, சாதுவான, சின்ன உருவப் பாம்பு. ஆண் ஒன்றரை அடியைத் தாண்டுவதே அபூர்வம். மணலுக்குள் புதைந்து கிடக்கும், இடம் கேட்காது. வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் தயங்காமல் வாங்கச் சொல்லியிருப்பேன். கொங்குப் பக்கம் வளர்ப்பவருக்கு மட்டும் சொல்ல மாட்டேன். ஏனென்று உங்களுக்கே தெரியும். மண்ணுளிப் பாம்பு, இருதலை மணியன் என்று சொல்லி, எடை கூடினால் கோடிக்கு விலை போகும் என்று ஊர் ஊராக ஏமாற்றுகிற கூட்டம் இன்னும் ஓயவில்லை. மண்ணுளியை வைத்திருந்தாலே குற்றம். கென்யன் சாண்ட் போவா அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். குட்டை வால், மழுங்கிய மூக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டு, "அந்தப் பையன் மண்ணுளி வச்சிருக்கானுங்க" என்று டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும். ஒரு நாள் வனத்துறை ஜீப் வரும், மறுநாள் ராத்திரி வேறு ஆட்கள் வருவார்கள். ஜீப்பில் வருபவர்களிடம் காகிதத்தைக் காட்டலாம். மற்றவர்களிடம் என்ன காட்டுவீர்கள்?

ஜோடி சேர்க்கும் யோசனைக்கு வருவோம். பெண் பால் பைத்தான் முட்டையிடும் பக்குவத்துக்கு வர மூன்று வருடமாவது ஆகும், எடை ஒன்றரைக் கிலோவாவது வேண்டும். ஓர் ஈட்டுக்கு ஆறு முட்டை அளவில் இடும். ஏறக்குறைய இரண்டு மாதம் 31, 32 டிகிரியில் அடை காக்க வைக்க வேண்டும். பொரிந்த குஞ்சுகளில் பாதி முதல் எலியைத் தொடாமல் உங்கள் உயிரை வாங்கும். பால் பைத்தான், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வருகிறது. ஆகவே ஒவ்வொரு பிறப்பையும், இறப்பையும், கைமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். இதற்கு நடுவே காசு எங்கே எடுப்பது? தவிர, இணைய வியாபாரத்தில் கவர்ச்சியாகத் தெரிகிற மார்ஃப்களில், அதாவது நிறமும் கோலமும் மாறிய வகைகளில், 'ஸ்பைடர்' வகைக்குப் பிறவியிலேயே நரம்புக் கோளாறு உண்டு. தலை ஆடும், சில குட்டிகள் எலியைக் குறிவைத்துக் கவ்வவே திணறும். அழகுக்காக அப்படி ஒன்றைப் பிறக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பால் பைத்தான் என்றதும் பால் ஊற்றலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்தப் பால் பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பாம்புக்குத் தண்ணீர் போதும்.

சரி, கார்ன் ஸ்னேக் ஏன்? உங்கள் பால் பைத்தானிடம் எது உங்களைப் படுத்துகிறதோ, அது இதனிடம் இல்லை. எலியைக் காட்டினால் பாய்ந்து வந்து எடுக்கும். அந்தி நேரத்திலும் இரவிலும் ஊர்ந்து திரியும், ஏறும், எட்டிப் பார்க்கும். ஒரு மூலையில் கல்லாகக் கிடக்கும் பாம்பைப் பதினாறு மாதம் பார்த்தவருக்கு இது வேறு அனுபவம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிப் பாம்பு. வளர்ந்தால் நாலடி அளவில் நிற்கும். பதினைந்து இருபது வருடம் வாழும். பால் பைத்தானுக்கு வேண்டிய அளவு ஈரப்பதம் இதற்குத் தேவையில்லை, 40 முதல் 50 சதவீதம் போதும். பெட்டியின் சூடான மூலை 29, 30 டிகிரி, குளிர்ந்த மூலை 24 டிகிரி சுற்றி இருந்தால் அதற்குச் சுகம்.

கார்ன் ஸ்னேக் சைட்டிஸ் பட்டியலில் இல்லை. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் நான்காம் அட்டவணைப் பதிவு அதற்குப் பொருந்தாது. அதற்காகப் பில் இல்லாமல் வாங்கிவிடலாம் என்று அர்த்தமில்லை. சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளுக்குள் பால் பைத்தானும் கார்ன் ஸ்னேக்கும் சுருட்டி வைத்திருந்ததைச் சுங்கத்துறையினர் எத்தனையோ முறை பிடித்துவிட்டார்கள். பிடிபடாத பெட்டிகள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? இங்கே பிறந்த குட்டி என்பதற்கு எழுத்தில் ஆதாரம் தருபவரிடம் வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் மாவட்ட வன அலுவலகத்தில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பால் பைத்தான் பதிவைச் சரியாகச் செய்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, நான்காம் அட்டவணை உயிரினம் கைக்கு வந்த 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது வளர்ப்பவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது.

முட்டையிலிருந்து வந்த குட்டியாக வாங்காதீர்கள். பென்சில் பருமன்தான் இருக்கும், மூடியில் அரை விரல் இடுக்கு இருந்தால் போதும், காணாமல் போய்விடும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள், குறைந்தது பத்து முறை உறையவைத்த எலியைத் தின்ற கணக்கு இருக்கிற பாம்பாகப் பாருங்கள். உங்கள் கண் முன்னால் ஒரு முறை சாப்பிட்டுக் காட்டச் சொல்லலாம். நல்ல வளர்ப்பாளர் முகம் சுளிக்க மாட்டார். நேரில் போய் வாங்குங்கள். ராத்திரி பஸ்ஸில் பார்சலாக வந்த பாம்பை மே மாதத்தில் திறந்து பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. அதற்கு மருத்துவர் தேவைப்படவில்லை.

இனி வெயில். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். அவற்றில் பேச்செல்லாம் ஹீட் மேட், ஹீட் லேம்ப் பற்றித்தான். குளிர்நாட்டுக்காரர் கவலை அது. கோபியில் சித்திரை மாதம் மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். நம் கவலை குளிர்ச்சி. பெட்டியின் சூடான மூலையை விட்டுவிட்டு, குளிர்ந்த மூலையைக் கவனியுங்கள். அது 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் பாம்புக்கு ஒதுங்க இடமே இல்லை. மின்விசிறி அதற்கு உதவாது, அதற்கு வியர்ப்பதில்லை. தரைத்தளத்தில், கிழக்கு வடக்குச் சுவரோரம், ஓட்டு வீடாக இருந்தால் இன்னும் நல்லது, பெட்டியை மாற்றுங்கள். தண்ணீர் பாட்டிலை உறையவைத்துத் துணியில் சுற்றி, பெட்டிக்கு வெளியே குளிர்ந்த பக்கத்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனால் சாயங்காலம்தான் வரும். அன்று நீங்கள் பகல் ஷிஃப்டில் இருந்தால் பாட்டில் மாற்ற வீட்டில் யார் இருப்பார்கள்? இந்தக் கோடை முழுவதும் காலை, மதியம், இரவு என்று இரண்டாவது பாம்பை வைக்கப்போகும் அறையின் வெப்பத்தை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். காத்திருக்கச் சொன்னதற்கு முதல் காரணம் இதுதான். பால் பைத்தான் 32 டிகிரியைச் சூடான மூலையில் விரும்பிக் கேட்கும். கார்ன் ஸ்னேக்குக்கு அது அதிகம். முதல் பாம்பு சமாளித்த அறையில் இரண்டாவது சமாளிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மார்கழியில் கதை தலைகீழ். இரவில் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது ஹீட் மேட் வேண்டியதுதான், ஆனால் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாள்கூட வேண்டாம். பாம்பு அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் நகராமல் படுத்திருக்கும். பிறகு மூன்று மாதம் நானும் நீங்களும் களிம்பு போட்டுக்கொண்டிருப்போம். உங்கள் பால் பைத்தான் இரண்டு மாதம் சாப்பிடாதது பெரிய விஷயமில்லை. வளர்ந்த ஆண்கள் குளிர்காலத்தில் அப்படிச் செய்யும். எடை பத்தில் ஒரு பங்குக்குமேல் குறையாமல் இருந்தால் விட்டுவிடலாம். குறைந்ததா, இல்லையா? இந்தக் கேள்விக்கு உங்களிடம் கிராம் கணக்கில் பதில் இல்லையென்றால், இரண்டாவது பாம்பு வாங்கும் முன் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள்.

ஒரே பெட்டியில் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. எந்தக் காலத்திலும் கூடாது. பாம்புக்குத் தனிமை என்றால் நிம்மதி. அதற்குத் துணை தேவை என்று நினைப்பது நம் மனசு. இரண்டு பாம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடப்பதைப் படம் எடுத்துப் பாசம் என்று போடுகிறார்கள். சூடான அந்த ஒரே இடத்துக்கு இரண்டும் போட்டி போடுகின்றன, அவ்வளவுதான். மெலிந்தது மேலும் மெலியும். ஒரே எலியை இரண்டும் இரு பக்கமும் கவ்வினால், எலியோடு சேர்ந்து ஒன்று மற்றதின் வாய்க்குள் போய்விடும். கிங் ஸ்னேக் வாங்கலாமா என்று யாராவது ஆசை காட்டினால் இன்னும் எச்சரிக்கை. அது பாம்பைத் தின்பதையே வழக்கமாகக் கொண்ட பாம்பு.

தனிப் பெட்டி மட்டும் போதாது, தனி அறை வேண்டும். குறைந்தது 90 நாளுக்கு. தலைப்பில் நான் சொன்ன அறை இதுதான். இந்த ஒரு விஷயத்தைச் செய்ய முடியாதென்றால், மேலே நான் சொன்ன கார்ன் ஸ்னேக் ஆலோசனையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் நான் படித்தபோது கோழியும் மாடும்தான் பாடம். புதிதாக வந்த கோழிக்கூட்டத்தை நேராகப் பழைய கொட்டகையில் விடக் கூடாது என்பது அங்கே பாலபாடம். பண்ணைக்காரர்கள் யாரும் அதை மீற மாட்டார்கள், மீறினால் கொட்டகையே காலி. பாம்பு வளர்ப்பவர்கள் மட்டும் புதுப் பாம்பை வாங்கி வந்த அன்றே பழையதற்குப் பக்கத்து அடுக்கில் வைத்துவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவர் வந்தார். ஊர், பெயர் வேண்டாம். இரண்டாவது பாம்பு வந்த ஐந்தாவது வாரம், முதல் பாம்பு சதா தண்ணீர்க் கிண்ணத்தில் முங்கிக் கிடப்பதைக் கண்டிருக்கிறார். வெயிலுக்கு என்று நினைத்துவிட்டார். தண்ணீரின் அடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். அது பாம்புப் பேன், செதிலுக்கடியில் ஒளிந்து ரத்தம் உறிஞ்சும் உண்ணி வகை. தெரிந்த பிறகு அவர் செய்ததுதான் கொடுமை. மாட்டுக்கொட்டகையில் இருந்த உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து இரண்டு பாம்பின் மேலும் அடித்துவிட்டார். என்னிடம் கொண்டு வந்தபோது இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. ஒன்று அன்றிரவே போய்விட்டது. முதலில் வாங்கியது, ஆறு வருடம் வளர்த்தது. தோட்டத்து வீடுகளில் அந்த மருந்துப் பாட்டில் எப்போதும் எட்டுகிற இடத்தில் இருக்கும். அதனால்தான் உங்களிடம் இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன். பேன் கண்டால் எதையும் அடிக்காதீர்கள், என்னைப் போல யாரிடமாவது கொண்டு போங்கள்.

பேன் கண்ணுக்குத் தெரியும், அந்த வகையில் நல்ல எதிரி. தெரியாதவை உண்டு. பைத்தான்களுக்கு மூச்சுக்குழாயைத் தாக்கும் நிடோ வைரஸ் ஒன்று இருக்கிறது. தொற்றிய பாம்பு மாதக்கணக்கில் கொழுகொழுவென்று இருந்துவிட்டு, பிறகு வாயில் கோழை கட்டி, மூச்சில் இழுப்பு வந்து படுக்கும். அதற்கு மருந்து கிடையாது. பெண் பால் பைத்தான் வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஓரினத்தின் நோய் அதே இனத்துக்குத் தாவுவது எளிது. கார்ன் ஸ்னேக்குக்கு வேறொரு வில்லன், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி. தின்ற எலியை இரண்டு மூன்று நாளில் கக்கும், நடுவயிறு உருண்டையாக வீங்கும். நாம் தரை துடைக்கிற லோஷன் எதற்கும் அது சாகாது.

அதனால் அந்த 90 நாள். பெட்டிக்குள் மண், மரத்தூள் எதுவும் வேண்டாம், வெள்ளைக் காகிதம் விரியுங்கள். பேன் இருந்தால் அதில் தெரிந்துவிடும். தண்ணீர்க் கிண்ணம், இடுக்கி, துடைக்கும் துணி எல்லாம் தனி. தினமும் பழைய பாம்பின் வேலையை முதலில் முடித்துவிட்டு, கடைசியாகப் புதியதிடம் போங்கள். போனால் திரும்பி வராதீர்கள், குளித்துச் சட்டை மாற்றிய பிறகுதான் மறுபடியும் பழையதைத் தொடலாம். முதல் பத்து நாள் கையில் எடுக்கவே வேண்டாம். சாப்பிட்ட தேதி, கழித்த தேதி, சட்டை உரித்த தேதி, எடை நான்கையும் குறித்து வையுங்கள். மலத்தை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அன்றே பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள். மறுநாள் என்றால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியிருக்கும், அம்மாவை நினைத்துப் பாருங்கள்.

கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பாம்பின் குடலில் சால்மொனெல்லா இருப்பது சகஜம். அதற்கு ஒன்றும் செய்யாது, வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவரோ இருந்தால் அவர்களுக்குச் செய்யும்.

அப்புறம் ஒரு விஷயம். நீங்கள் கேட்கவில்லை. ஆனால் தோட்டத்து வீடு என்று படித்ததிலிருந்து எனக்கு இதுதான் மனசில் ஓடுகிறது. உங்கள் ஊர் கொடிவேரித் தண்ணீர் பாயும் நெல் வயல் சூழ்ந்த ஊர். நெல் இருந்தால் எலி, எலி இருந்தால் சாரை, நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் எல்லாம் இருக்கும். பால் பைத்தானின் முதுகுத் திட்டுகளையும் கண்ணாடி விரியன் முதுகையும் அரை வெளிச்சத்தில் பிரித்தறிய எனக்கே ஒரு நொடி ஆகும். கார்ன் ஸ்னேக்கும் கறுப்பு விளிம்பிட்ட வட்டங்களை வரிசையாக முதுகில் வைத்திருக்கும் பாம்புதான். இதில் இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. உங்கள் பாம்பு தப்பினால் பக்கத்துத் தோட்டத்தார் விரியன் என்று அடித்துக் கொன்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மற்றது இதைவிட மோசம். வீட்டில் ஒரு பாம்பு இருக்கும்வரை பெட்டி காலியா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். இரண்டானதும் 'அதுவா இதுவா' என்ற குழப்பம் வந்துவிடும். ராத்திரி கட்டுத்தறிப் பக்கம் ஒன்று கிடக்கும். 'நம்மதுதான், வெளியே வந்துவிட்டது போல' என்று பழகிய கை குனிந்து எடுக்கும்.

ஆகவே வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம். பெட்டிக்கு வெளியே இருக்கும் பாம்பு காட்டுப் பாம்பு. யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான். நல்ல டார்ச் வெளிச்சத்தில், எட்ட நின்று, தலை வடிவத்தைப் பார்த்து, இரண்டு பெட்டியையும் போய்ச் சரிபார்த்த பிறகுதான் அடுத்த அடி. சந்தேகம் இருந்தால் வனத்துறையைக் கூப்பிடுங்கள். மீறி யாரையாவது கடித்துவிட்டால் வளர்ப்புப் பாம்பா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம், நேராக அரசு மருத்துவமனை. இரண்டு பெட்டிக்கும் பூட்டு போடுங்கள். கொக்கி வேண்டாம், பூட்டு. கார்ன் ஸ்னேக் மூடியை மூக்கால் முட்டித் தள்ளியே திறக்கக் கற்றுக்கொள்ளும்.

தீனிக்கு வயல் எலி சும்மா கிடைக்கிறதே என்று யோசிக்காதீர்கள். வயலில் சிங்க் பாஸ்பைடும் புரோமாடியலோனும் வைக்கிறார்கள், அதைத் தின்று சாகக் கிடக்கும் எலிதான் கைக்கு எளிதாகச் சிக்கும். போதாததற்கு எலிக்காய்ச்சல் வேறு. பண்ணையில் வளர்த்து உறையவைத்த எலியை ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க இளகவிட்டு, பையோடு வெந்நீரில் வைத்துச் சூடேற்றி, இடுக்கியில் பிடித்துக் கொடுங்கள். பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடம் எவ்வளவோ, எலி அவ்வளவு. வளரும் கார்ன் ஸ்னேக்குக்கு வாரம் ஒன்று போதும்.

கடைசியாக அம்மா. வாங்கி வந்த பிறகு சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். இரண்டாவது பாம்பைக் கட்டிலுக்கடியில் மூன்று வாரம் மறைத்து வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்ததுண்டு. கூட்டும்போது கண்டுபிடித்த அவருடைய அம்மா இரண்டு பாம்பையும் வெளியேற்றச் சொல்லிவிட்டார். முதல் பாம்புக்குக் கிடைத்திருந்த அனுமதியும் போயிற்று. உங்கள் அம்மா அந்த அம்மாவைப் போல இருக்க மாட்டார், ஒரு பாம்பைப் பதினாறு மாதம் பொறுத்திருக்கிறார். அவருடைய பயம் பாம்பைப் பற்றியதா, நீங்கள் நைட் ஷிஃப்ட் போகும்போது அதைப் பார்த்துக்கொள்வது பற்றியதா, ஊர்வாயைப் பற்றியதா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் அது ஃப்ரிட்ஜைப் பற்றியதாக இருக்கும். பிஸ்கட் டப்பாவுக்குள் எலி இருப்பதைத் தெரியாமல் திறந்தவர் யாரும் அதை மறப்பதில்லை. சின்ன ஃப்ரீசர் ஒன்றைப் பழையதாக வாங்கி உங்கள் அறையில் வையுங்கள். கார்ன் ஸ்னேக் வாங்கும் பணத்தை இதற்குச் செலவிட்டால், பாம்பு இன்னும் இரண்டு மாதம் தள்ளிப்போகும். போகட்டும். அதற்குள் ஐப்பசி வந்துவிடும், புரட்டாசிச் சனிக்கிழமையில் வீட்டில் எலி இளக வைத்த பேச்சும் வராது.

அம்மா சம்மதித்தால், வாங்கிய மூன்றாம் நாள் பாம்பை மெத்தென்ற பருத்தித் துணிப்பையில் போட்டு முடிச்சிட்டு, பையை மூடியுள்ள டப்பாவில் வைத்து, காலை முதல் பஸ்ஸில் கொண்டு வாருங்கள். கண்டக்டரிடம் டப்பாவில் என்ன என்று சொல்ல வேண்டாம். பழைய பாம்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.